கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டைக் குடிநீர்

கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை இனக் கிழங்கு ஆகிய மூன்றையும் தண்ணீரில் வற்றக் காய்ச்சி இறுத்த கசாயம், இலங்கைச் சுதேச வைத்தியத்தில் புற்றுநோயாளருக்குக் கொடுக்கப்படும் ஒரு குடிநீர். பேராசிரியர் ஐரா தப்ரூவும் அவருடன் பணியாற்றிய இலங்கை ஆய்வாளர்களும் இதை ஆய்வுகூடத்தில் சோதித்து, ஈரல் புற்றுநோய்க்கு எதிரான அதன் செயலை 2003 முதல் பதிவுசெய்தனர்.

கொழும்பில் மூலிகைக் குடிநீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் வீடுகளில் தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் முதலில் அடுப்பேறுவது கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்ட மல்லித் தண்ணி. சிங்கள மக்கள் பெலிமல், ரணவரா, பொல்பலா என்று வழங்கும் வில்வம்பூ, ஆவாரம்பூ, தேங்காய்ப்பூக்கீரைக் குடிநீர்களும் நகரெங்கும் புழங்குகின்றன. உலர்ந்த வேர்களுக்கும் பட்டைகளுக்கும் புறக்கோட்டை கபோஸ் ஒழுங்கை மருந்துக் கடைகள் பேர்போனவை. இத்தகைய சுதேச வைத்தியத்துக்குச் சட்டமும் உண்டு: 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் உள்ளடக்குகிறது.

மூலிகைகளும் வேதிப்பொருள்களும்

கருஞ்சீரகத்தின் முதன்மைச் சேர்மம் தைமோகுயினோன். நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணம் ஹைட்ராக்சி மீதாக்சி பென்சல்டிஹைடு. மூன்றாவது சரக்கு, தாவரவியலில் சிமிலாக்ஸ் கிளாப்ரா எனப்படும் கொடியின் கிழங்கு; அதில் அஸ்டில்பின் என்ற பிளேவனாய்டு உண்டு. வேறு குடிநீர்களில் சேரும் இஞ்சியில் ஜிஞ்சரோலும், மஞ்சளில் குர்குமினும், மரமஞ்சளில் பெர்பெரினும் உள்ளன.

அழற்சியும் புற்றுநோயும்

காயமோ கிருமியோ தாக்கும்போது உடல் காட்டும் எதிர்ப்பே அழற்சி. அது சில நாளில் அடங்கினால் நன்மை. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் உயிரணுக்கள் ஓயாமல் அழிந்து பெருகி, மரபணுக்களில் பிழைகள் சேர்கின்றன. நாட்பட்ட ஈரல் அழற்சி ஈரல் புற்றுநோயில் முடிவது இதற்குத் தெளிவான சான்று. கட்டித் திசுக்களில் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1863இலேயே சுட்டிக்காட்டினார். அழற்சி மரபணுக்களைத் தூண்டும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் 1986இல் கண்டறியப்பட்டது. தைமோகுயினோன், குர்குமின் போன்றவை இப்புரதத்தின் செயலைத் தணிப்பது செல் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

இலங்கை ஆய்வுகள்

டைஎத்தில் நைட்ரோசமைன் என்ற நச்சுப்பொருளைக் கொடுத்து எலிகளின் ஈரலில் புற்றுநோய் மாற்றங்களை உண்டாக்கி, அவற்றுக்குத் தொடக்கத்தில் சொன்ன மூன்று சரக்குக் கசாயத்தை ஊட்டிய முதல்நிலை ஆய்வு 2003இல் வெளியானது. கசாயம் பெற்ற எலிகளில் அம்மாற்றங்கள் குறைந்திருந்தன. 2006இல் வெளியான நீண்டகால ஆய்வும் இப்பாதுகாப்பை உறுதிசெய்தது. 2005இல் லண்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து மனித ஈரல் புற்றணுக்களில் சோதித்தபோது, கசாயம் அவற்றின் வளர்ச்சியை ஒடுக்கியது. அணுக்கள் தாமாகவே மடியும் செயலை அது தூண்டுவதும், அழற்சித் தணிப்பு அதன் வழிகளில் ஒன்றாக இருக்கலாம் என்பதும் 2012இல் வெளியான ஆய்வுகளில் விளக்கப்பட்டன. பரம்பரை வைத்தியரின் அனுபவத்தை அலட்சியப்படுத்தாமலும் கண்ணை மூடி ஏற்காமலும் சோதித்துப் பார்த்த இம்முயற்சி மிகுந்த மதிப்புக்குரியது.

குவளைக்கும் மருந்துக்கும் இடையில்

எலியிலும் கண்ணாடித் தட்டிலும் கிடைத்த முடிவு நோயாளிக்கு அப்படியே பொருந்தாது. உதாரணமாக, குர்குமின் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. நிலம், பருவம், காய்ச்சும் நேரம் ஆகியவற்றால் ஒவ்வொரு கசாயத்தின் வலுவும் மாறுகிறது.

யாழ்ப்பாணத்தார் பட்டிப்பூ என்றழைக்கும் நித்தியகல்யாணி, குவளைக்கும் மருந்துக்கும் உள்ள இந்த இடைவெளியை நன்கு விளக்குகிறது. நீரிழிவுக்காக ஜமேக்காவில் குடிக்கப்பட்ட அதன் இலைத் தேநீரை ஆராய்ந்த கனடிய ஆய்வாளர் ராபர்ட் நோபில், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார். அவ்வழியே 1958இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியில் கிடைத்த வின்கிறிஸ்டின் இன்று சிறுவர் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத மருந்து. ஆனால் உயிர்காப்பது, தூய்மையாக்கி, மில்லிகிராம் கணக்கில் அளந்து நாளத்தில் ஏற்றப்படும் சேர்மமே. இலையைக் காய்ச்சிக் குடிப்பது நஞ்சாகவும் முடியலாம்.

எச்சரிக்கைகள்

ஈச்சுரமூலி போன்ற அரிஸ்டலோக்கியா இனச் செடிகளிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கும். 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று, சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. பெர்பெரின் போன்ற சேர்மங்கள் ஈரல் நொதிகளைத் தடுத்து, வேறு மருந்துகளின் அளவை உடலில் கூட்டவும் கூடும். ஆகையால் மகரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலையிலோ வேறெங்கோ சிகிச்சை பெறுவோர், தாம் குடிக்கும் கசாயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். கசாயத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, குணப்படுத்தக்கூடிய கட்டத்தையே தவறவிடச் செய்யும்.