பழைய கணினிக்குப் புது வேகம்: லினக்ஸ் வரலாறு கூறும் பாடம்



காண்டாவில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடு ஏறுகிறவர் மெதுவாக நடந்தால், அவருக்கு வயதாகிவிட்டது என்று உடனே சொல்லிவிடுவோமா? வாளியில் எவ்வளவு பால் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்போம். ஆனால், வீட்டிலுள்ள கணினி மெதுவாக ஓடினால், 'பழசாகிவிட்டது' என்று ஒதுக்கிவிடுகிறோம். பெரும்பாலும் மூத்துப்போனது இயந்திரம் அன்று. கூடிப்போனது நாம் ஏற்றிய சுமை. இந்த உண்மையை நாமே ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம்.

2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியும் திறந்தும் இருந்தன. அப்போது சுங்கை பாக்காப் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், மகளின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கி நம்மிடம் கொண்டுவந்தார். செலவில்லாமல் கிடைப்பதாயிற்றே என்று நாமும் அதில் லினக்சை ஏற்றினோம். ஆனால், கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று பகட்டான திரையமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். கணினி முன்னைவிடத் திணறியது. "அண்ணே, இது இனி உதவாது" என்று கைவிரித்தோம். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளை அண்ணன்மாரோடு ஒரே கைப்பேசியைப் பங்குபோட்டுப் படித்தாள். லினக்சின் வரலாற்றைப் படித்த பிறகுதான் நம் தவறு நமக்கே விளங்கியது.

இயங்குதளம் என்பது, பெரட்டில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணியைப் போன்றது. கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் வேலை வாங்குவது அதுதான். லினக்ஸ் அத்தகைய இயங்குதளங்களுள் ஒன்று. அதன் கதை 1991 ஜனவரியில், பின்லாந்து நாட்டில் தொடங்குகிறது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்சுக்கு அப்போது வயது 21. கையில் முழுப் பணமில்லாததால், அவர் ஒரு கணினியைத் தவணைக்கு வாங்கினார். அதன் மூளை, இண்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 386 என்னும் சில்லு. அந்த நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை திறந்தது 1972இல், நம் பினாங்கில்தான் என்பதை நேயர்கள் பலர் அறிவீர்கள்.

அந்தக் கணினியில் இருந்த நினைவகம் வெறும் 4 மெகாபைட். அதிலேயே அவர் புதிய இயங்குதளம் ஒன்றை எழுதி, 1991 செப்டம்பரில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவரிடம் இருந்ததோ 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே. இவ்வளவு சிறிய கணினியில் தமக்கு வேண்டிய வேலை நடக்கவில்லை என்றார் அவர். 'பெரிய கணினி வாங்கிக்கொள்' என்று லினஸ் பதில் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, அதற்கொரு வழி எழுதினார்.

அந்த வழி என்ன? நினைவகத்தை நம் மேசை என்றும், வட்டை அலமாரி என்றும் வைத்துக்கொள்வோம். மேசை நிறைந்துவிட்டால், அப்போதைக்கு வேண்டாத புத்தகங்களை அலமாரியில் வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? கணினிக்கும் அதே பழக்கத்தை ஏற்படுத்தினார். சிறிய கணினி வைத்திருந்தவரின் குரலுக்குச் செவிசாய்த்ததால், லினக்ஸ் முழுவதுமே முன்னேறியது. பின்னர் லினக்சைப் பயன்படுத்தியவர்கள் நிதி திரட்டி, லினசின் தவணைக் கடன் தீர உதவினார்கள். ஒரு வீட்டுக் கஷ்டத்துக்கு லயமே கைகொடுப்பது போன்றதுதான் இதுவும்.

காலம் செல்லச் செல்ல, லினக்சுக்கும் அழகிய திரைகள் வந்தன. 1996இல் கே.டி.ஈ., 1997இல் க்னோம் ஆகிய திரையமைப்புத் திட்டங்கள் தொடங்கின. வசதி பெருகியது, கூடவே பாரமும் பெருகியது. அதே வேளையில் எளிமையை விரும்பியவர்களும் சும்மா இருக்கவில்லை. 1996இல் பிரான்சின் ஒலிவியே ஃபூர்தான் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்பதைத் தொடங்கினார். 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காவ்லர் பழைய கணினிகளுக்கென்றே பப்பி லினக்சை வெளியிட்டார். 2006இல் தைவான் நாட்டின் ஹொங் ஜென் யீ எல்.எக்ஸ்.டி.ஈ. என்பதை உருவாக்கினார். எல்.எக்ஸ்.கியூ.டி. அதன் வழித்தோன்றல்.

ஆகவே, லினக்ஸ் என்பது ஒரே எடையுள்ள பொருள் அன்று. இயந்திரத்தின் வலுவுக்கேற்ற திரையமைப்பை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் கோட்டைவிட்ட இடமும் அதுவே.

எவ்வளவு பழையதும் ஓடும் என்றும் எண்ணிவிடலாகாது. லினஸ் வாங்கிய அந்த 386 வகைக்கே லினக்ஸ் 2012 டிசம்பரில் விடைகொடுத்துவிட்டது. டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பு, 2025இல் தன் 13ஆம் பதிப்பிலிருந்து பழைய 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை நிறுத்தியது. எனவே, கணினி 64 பிட் வகையா, நினைவகம் எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது எல்.எக்ஸ்.கியூ.டி. போன்ற இலேசான திரையமைப்பை வைக்கலாம். கணினியைத் திறந்ததும் தாமாகவே எழுந்துகொள்ளும் செயலிகளில் தேவையற்றவற்றை நிறுத்தலாம். நிழல், அசைவு போன்ற அலங்காரங்களை அணைக்கலாம். இணைய உலாவியில் இருபது பக்கங்களை ஒன்றாகத் திறந்து வைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். நினைவகம் குறைவாக இருந்தால், 'சிராம்' என்னும் ஏற்பாடு மேசைமேல் உள்ளவற்றையே சுருட்டி மடித்து இடம் உண்டாக்கித் தரும். 2014 முதல் அது லினக்சின் கருவிலேயே இருக்கிறது. கொஞ்சம் பணம் செலவிட முடியுமானால், சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்துங்கள். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. நல்ல நிலையிலுள்ள கணினிகள் பல இதனால் மூலைக்குப் போகக்கூடும். அவற்றுள் ஒன்று நம் பிள்ளை ஒருவரின் கைக்கு வரலாம்.

நம் கதையையும் முடித்துவிடுவோம். சில மாதங்கள் கழித்து நாமே அந்த வீட்டுக்குப் போனோம். கணினி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இலேசான திரையமைப்பை ஏற்றி, வேண்டாதவற்றை நிறுத்தினோம். அன்று மாலையே அந்தப் பிள்ளை கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்து காட்டினாள். தந்தை சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படீன்னா இது அன்னைக்கே ஓடியிருக்கும், இல்லீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார்.

ஆம், அன்றைக்கே ஓடியிருக்கும். மெதுவாகப் போகிற எதையும், இயந்திரமானாலும் மாணவரானாலும், உதவாது என்று சொல்லுமுன் அதன்மேல் உள்ள சுமையைப் பார்ப்போம்.