தொண்டைக்குக் கீழே நின்ற கவளம்

ஒரு கவளத்தை வாயிலிட்டு மென்று விழுங்குகிறோம். விழுங்கும் வரையில் அது நம் வசத்தில் உள்ளது. விழுங்கிய பின் அதை மறந்துவிடுகிறோம். தொண்டையைக் கடந்த உணவு எவ்வாறு இரைப்பையைச் சென்றடைகிறது என்று இலையின் முன் அமர்ந்து எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாள்தோறும் எண்ணிப் பார்க்க நேர்ந்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய வரலாற்றையே இன்று கூற எண்ணுகிறோம்.

ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் வெறும் குழாய் அன்று. கிணற்றில் வாளி விழுவது போல உணவு அதில் விழுவதில்லை. மேலிருந்து கீழாக ஒரு தசையலை எழுந்து, கவளத்தின் பின்புறம் சுருங்கியும் முன்புறம் நெகிழ்ந்தும் அதைத் தள்ளிச் செல்கிறது. குழலின் அடியில், இரைப்பையின் வாயிலில், சுருக்குத்தசை ஒன்று காவல் நிற்கிறது. எப்போதும் மூடியிருக்கும் அத்தசை, விழுங்கும் வேளையில் மட்டும் நெகிழ்ந்து வழிவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். ஒருவர் தலைகீழாக நின்று நீர் அருந்தினாலும் அந்நீர் இரைப்பையைச் சேர்வது இவ்வலையின் வலிமையினால்தான்.

அலையும் ஓய்ந்து, வாயிலும் திறவாமற்போனால் என்ன ஆகும்? உண்ட உணவு நெஞ்சினுள்ளேயே தங்கும். மேலும் மேலும் நீர் குடித்து, அந்நீரின் பாரத்தால் உணவைக் கீழிறக்க வேண்டியிருக்கும். சிலர் எழுந்து நிற்பர்; சிலர் கைகளை உயர்த்தி முதுகை நிமிர்த்துவர். அதற்கும் இறங்காதபோது முற்றத்திற்கு ஓடிச் சென்று எதிர்க்களிப்பர். இரவில் படுத்தால், தேங்கிய உணவு தொண்டைக்கு ஏறி மூச்சுக்குழலில் புகுந்து இருமலை எழுப்பும். உடல் மெலியும். இந்நோய்க்கு மருத்துவர் இட்ட பெயர் அகலேசியா. நெகிழாமை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே புதிதாகத் தோன்றும் அரிய நோய் இது.

அரிய நோய் என்பதனாலேயே அதன் துன்பம் இரட்டிப்பாகிறது. பிறர் வீட்டு விருந்தில் இதை எவ்வாறு எடுத்துரைப்பது? தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் நம்மவர் ஒருவர் அண்டை வீட்டார் அழைப்பை ஏற்றுச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் சப்பாத்தி மேல் சப்பாத்தி விழுகிறது. வேண்டாம் என்றால் விருந்தோம்புபவரின் முகம் வாடுகிறது. குழையப் பிசைந்த ரசம் சோறு இறங்குகிற நாளிலும் உலர்ந்த ரொட்டி இறங்காது. சில நாளில் வெறும் தண்ணீரே நின்றுவிடும். “தொண்டையில் அன்று, நெஞ்சில் நிற்கிறது” என்பதைத் தாய்மொழியிலேயே விளக்குவது கடினம். அயல்மொழியில் மருத்துவரிடம் சொல்லும்போது அது நெஞ்சுவலியாகவும், அமிலக் கோளாறாகவும், மனக்கவலையாகவும் உருமாறிவிடுகிறது. நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே அதன் பெயரை அறிந்தவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர்.

இந்நோயாளருள் வரலாற்றில் முதலில் இடம்பெறுபவர் ஓர் ஆங்கிலேயர். அவரைப்பற்றி எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் புகழ்பெற்ற மருத்துவர். 1674-இல் அவர் வெளியிட்ட மருந்தியல் நூலில் இச்செய்தி காணப்படுகிறது. அந்நோயாளர் உண்பதெல்லாம் உணவுக்குழலிலேயே நின்றது. நிரம்பியபின் வெளியே வந்தது. பட்டினியால் மாயும் நிலையை அடைந்திருந்தார். வில்லிஸ் என்ன செய்தார்? திமிங்கலத்தின் தாடையிலிருந்து எடுக்கப்படும் வளையும் கோல் ஒன்றைக் கொணர்ந்து, அதன் நுனியில் கடற்பஞ்சைக் கட்டினார். (ஆங்கிலத்தில் இதைத் திமிங்கல எலும்பு என்றே வழங்குவர், உண்மையில் அது எலும்பு அன்று, நகம் போன்ற பொருளால் ஆன வடிகட்டித் தகடு.) ஒவ்வொரு முறை உண்டபின்னும் அக்கோலைத் தொண்டை வழியே செலுத்தி, உணவை இரைப்பைக்குள் தள்ளுமாறு நோயாளிக்குக் கற்பித்தார். அம்மனிதர் பதினைந்து ஆண்டுகள் அளவில் இவ்வாறே உண்டு உயிர் வாழ்ந்தார்.

அம்மனிதரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. நாளுக்கு இருமுறை என்று கொண்டாலும் பதினைந்து ஆண்டுகளில் பதினாயிரம் முறைக்கு மேல் அவர் அக்கோலை விழுங்கியிருக்க வேண்டும். மயக்க மருந்தும் உள்நோக்குக் குழலும் இல்லாத காலத்தில், தம் கையாலேயே தம் உணவுக்குழலைத் திறந்துகொண்ட அவருடைய மனத்திண்மையை வில்லிஸின் அறிவுக்கூர்மைக்குக் குறைந்ததாக நாம் மதிக்கமாட்டோம். மற்றொன்றும் இங்கே கருதத்தக்கது. நரம்பியல் என்னும் துறைக்கே பெயர் சூட்டியவர் வில்லிஸ்; மூளையின் அடியிலுள்ள இரத்தக்குழாய் வளையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அத்தகையவர், தம் முன் நின்ற நோயும் நரம்பு நோயே என்பதை அறிந்திருக்க வழியில்லை. அதை அறிய இன்னும் 250 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இடைப்பட்ட காலத்தில் அறிவு சிறுகச் சிறுகச் சேர்ந்தது. 1862-இல் லியோபோல்ட் ஔவர்பாக் என்னும் ஜெர்மானிய அறிஞர், குடற்சுவரின் இரு தசை அடுக்குகளுக்கு இடையே பின்னிக் கிடக்கும் நரம்பு வலையைக் கண்டறிந்தார். உணவுக்குழலின் சுவரிலும் அவ்வலை உண்டு. 1880-களின் தொடக்கத்தில் யோகான் மிக்குலிச் என்னும் அறுவை மருத்துவர் உணவுக்குழலுக்குள் நோக்கும் கருவியை அமைத்துப் பார்த்து, இரைப்பை வாயில் இசிவு கொண்டு இறுகிவிடுவதே நோய் என்று முடிவு செய்தார். இசிவு என்னும் அச்சொல்லே பின்னர் பலரை வழிதவறச் செய்தது. இசிவு என்றவுடன் மனக்கலக்கமே காரணம் என்னும் எண்ணம் பரவியது. “மனத்தை அடக்குங்கள், உணவு தானே இறங்கும்” என்னும் அறிவுரையைப் பல நோயாளிகள் கேட்க நேர்ந்தது.

விழுங்குவதைக் கண்ணால் காணும் வாய்ப்பு 1895-இல் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தபின் உண்டாயிற்று. மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவராக இருந்த வால்ட்டர் கானன் அதைப் பயன்படுத்தினார். அவர் தேர்ந்த உயிர்களுள் ஒன்று வாத்து. கழுத்து நீளம் அல்லவா? வாத்தினைப் பெட்டியில் நிறுத்தி, அதன் கழுத்து அசையாதிருக்க உயர்ந்த அட்டைப் பட்டையை அணிவித்து, பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து, அது கழுத்தினூடே இறங்குவதைத் திரையில் கண்டார். கழுத்துப்பட்டை அணிந்த அவ்வாத்தின் கோலம் அவையோருக்குச் சிரிப்பூட்டியிருக்கும். ஆயினும் இன்று பேரியம் கரைசலைப் பருகி எக்ஸ்-கதிர்க் கருவியின் முன் நிற்கும் ஒவ்வொரு நோயாளியும் அந்த வாத்துக்குக் கடன்பட்டவரே. அப்படத்தில் அகலேசியா நோயாளியின் உணவுக்குழல் மேலே பருத்து, அடியில் பறவையின் அலகு போலக் கூர்ந்து தோன்றும்.

இனி மருத்துவத்திற்கு வருவோம். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்றி பிளம்மர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார். நோயாளி நீண்ட பட்டு நூலை விழுங்க வேண்டும். அது குடல் வரை சென்று பற்றிக்கொண்டபின், அந்நூலையே வழிகாட்டியாகக் கொண்டு ஒரு பையை இறக்கி, அதனுள் நீரை அழுத்தமாகச் செலுத்தி, இறுகிய தசையை விரித்தார். இன்று நூலுக்குப் பதில் மெல்லிய கம்பியும், நீருக்குப் பதில் காற்றும், துணைக்கு உள்நோக்குக் குழலும் வந்துள்ளன. அடிப்படை மாறவில்லை.

1913-இல் லைப்சிக் நகரில் ஏர்ன்ஸ்ட் ஹெல்லர் வேறு வழி கண்டார். உணவுக்குழலின் அடிப்பகுதியில் உள்ள தசையை மட்டும் முன்னும் பின்னுமாக இரு நீள்கோடுகளில் அறுத்து, உட்சவ்வை அறுக்காமல் விட்டார். பூட்டை உடைத்துக் கதவைக் காத்தார் எனலாம். உலகம் இந்த எளிய அறுவையின் அருமையை உடனே உணரவில்லை. குழலையும் இரைப்பையையும் முழுச்சுவர் வெட்டி அகலமாக இணைக்கும் அறுவைகளைப் பலர் செய்துவந்தனர். வாயில் ஒரேயடியாகத் திறந்துவிடவே இரைப்பையின் அமிலம் மேலேறிக் குழலைப் புண்ணாக்கியது. ஒரு நோய் நீங்கி மற்றொன்று வந்தது. 1949-இல் லண்டனில் பாரெட், பிராங்க்ளின் என்னும் இருவர் இத்தீங்கைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். அதன் பின்னரே ஹெல்லரின் வழி, ஒற்றை வெட்டாகச் சுருங்கிய வடிவில், எங்கும் பரவியது.

இதற்கிடையில் 1920-களில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆர்தர் ஹர்ஸ்ட், இது இசிவு நோய் அன்று என்று வாதிட்டார். தசை மிகுதியாக இறுகவில்லை. நெகிழ வேண்டிய வேளையில் நெகிழவில்லை, அதற்குக் காரணம் ஔவர்பாக் கண்ட நரம்பு வலை சிதைந்திருப்பதே என்றார். அகலேசியா என்னும் பெயர் வழக்கூன்றியது அவரால்தான். சொல் மாறியது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் “நீங்கள் மனத்தை அடக்கவில்லை” என்னும் பழி நோயாளியின் மீதிருந்து நீங்குவதற்கு வழி பிறந்தது அச்சொல் மாற்றத்தில்தான். ஹர்ஸ்ட் அளித்த கருவியோ வில்லிஸின் கோலை நினைவூட்டுவது: பாதரசம் நிரப்பிய ரப்பர் குழாய். நோயாளி அதை உணவுக்கு முன் தாமே விழுங்குவார். பாதரசத்தின் பாரம் வாயிலைத் திறக்கும்.

நரம்பு சிதைவதே காரணம் என்பதற்கு வலிய சான்று பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டின் உட்புறச் சிற்றூர்களில், உண்டது நெஞ்சில் நின்றுவிடும் நோய் ஏழை மக்களிடையே நெடுங்காலமாகப் பரவியிருந்தது. விக்கி அடைக்கும் நோய் என்னும் பொருளில் அதற்கு நாட்டுப்புறப் பெயரும் இருந்தது. 1909-இல் கார்லோஸ் சாகஸ் என்னும் மருத்துவர், மண்சுவர் வெடிப்புகளில் மறைந்திருந்து இரவில் குருதி உறிஞ்சும் பூச்சிகளால் பரவும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். சாகஸ் நோய் என அவர் பெயரால் வழங்குவது அதுவே. 1950-களில் ரிபெய்ரோ பிரேட்டோ நகரில் பணியாற்றிய பிரிட்ஸ் கேபெர்லே, அந்நோயால் இறந்தோரின் உணவுக்குழலை ஆராய்ந்து, நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவை பெருமளவில் அழிந்திருப்பதை நிறுவினார். சுவருக்குப் பூச்சுப் பூசக்கூட வசதியற்ற வீட்டில் பிறந்த குழந்தை, வளர்ந்து பல ஆண்டுகள் கழித்துச் சோறிறங்காமல் வாடியது. வறுமைக்கும் விழுங்கலுக்கும் இடையே அத்துணை நீண்ட நூல் ஓடியது. அந்த ஒட்டுண்ணி அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. பிற நாடுகளில் தோன்றும் அகலேசியாவுக்கு, உடலின் காப்பு ஆற்றலே திரும்பித் தன் நரம்பணுக்களைத் தாக்குவது காரணமாகலாம் என்று கருதுகின்றனர். முடிந்த முடிபு இன்னும் இல்லை.

நம் காலத்துச் செய்திகளைச் சுருங்கச் சொல்லலாம். உணவுக்குழலினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அலையின் அழுத்தத்தை இடந்தோறும் அளக்கும் முறை இன்று நோயை ஐயமறக் காட்டுகிறது. அலை தாறுமாறாக எழுவது, மிகைவலிமையுடன் நெரிப்பது முதலிய உறவு நோய்களையும் அது பிரித்துணர்த்துகிறது. 1990-களில் பங்கஜ் பஸ்ரிச்சாவும் அவருடன் பணியாற்றியோரும் பாட்டுலினம் நஞ்சை ஊசிவழி ஏற்றித் தசையைத் தளர்த்தினர். அதன் பயன் சில மாதங்களே நிற்கும். 2008-இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே, உடலின் வெளியே கீறலின்றி, வாய்வழிச் சென்ற கருவியால் உட்சவ்வுக்கு அடியில் சுரங்கம் அமைத்துத் தசையை அறுத்தார். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில், இம்முறையால் 83 விழுக்காட்டினரும், சிறு துளை வழியாகச் செய்த ஹெல்லர் அறுவையால் ஏறத்தாழ 82 விழுக்காட்டினரும் நலம் பெற்றிருந்தனர். ஆனால் அமிலம் ஏறிய புண் முன்னவரில் 44 விழுக்காட்டினருக்கும் பின்னவரில் 29 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. 1949-இல் எழுந்த பழைய கேள்வி இன்னும் முற்றும் தீரவில்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். விழுங்க முடியாமை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். முதலில் கெட்டி உணவும் பின்னர் நீருணவும் நிற்பது அங்கே பெரும்பாலும் காணும் வரிசை. அகலேசியாவில் தொடக்கத்திலேயே இரண்டும் நிற்பதுண்டு. ஆயினும் இவ்வேறுபாட்டை நம்பி எவரும் வீட்டில் அமர்ந்து தீர்ப்புக் கூறலாகாது. உள்நோக்குக் குழலால் பார்த்துவிட வேண்டும்.

மேற்கூறிய எந்த மருத்துவமும் ஓய்ந்த அலையை மீண்டும் எழுப்புவதில்லை. வாயில் திறக்கிறது, உள்ளே தள்ளுவார் இல்லை. ஆதலால் நலம்பெற்றவரும் நிமிர்ந்து அமர்ந்து, சிறு கவளங்களாக மென்று, இடையிடையே நீர் பருகி உண்கிறார். பந்தியில் மற்றவர் மோருக்கு வந்தபோது அவர் குழம்பில் இருப்பார். முன்பெல்லாம் அழைப்பு வந்தால் ஏதேனும் காரணம் சொல்லித் தட்டிக் கழித்தவர், இப்போது இலையில் அமர்ந்து, “எனக்குச் சிறிது நேரம் ஆகும்” என்று சொல்லிவிட்டு உண்கிறார். இரவு உணவை உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னரே முடித்துக்கொள்கிறார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்த செங்கற்களை மட்டும் அவர் எடுத்துவிடவில்லை.