ஸ்டிக்கர் உரிச்ச சைக்கிள்கள்

சரித்திரம் என்றால் கோட்டை, கல்வெட்டு, ஆளுநர் என்றுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிச்சாங்க. ஆனால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் ஏதாவது ஒரு சைக்கிள் கடையின் பின்பக்கம் போய்ப் பாருங்க. மதிலோட சாத்தி வெச்ச பழைய பிரேம்கள் சிலதில், முழுக்க வெளிறிப்போன பெயின்டுக்கு நடுவில ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் புதுசு மாதிரி மின்னும். அங்க ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்கு, யாரோ உரிச்சிருக்காங்க. எங்களுக்கு அந்தச் செவ்வகமும் ஒரு சரித்திர ஆவணம்தான்.

சைக்கிளில் பேர் ஒட்டுறது பழைய வேலை. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பீங்கான் பாத்திரங்களில் படம் பதிக்கக் கண்டுபிடிச்ச முறை, பிறகு தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் வந்தது. கடதாசியில் அச்சடிச்ச படத்தை பிரேமில் ஒட்டி, கடதாசியை நனைச்சு எடுத்தால் எழுத்து மட்டும் இரும்பில் தங்கும். அதுக்கு மேல வார்னிஷ் பூசிவிடுவாங்க, நகத்தால சுரண்டினாலும் போகாது. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைக்கு வந்த றலி, ஹம்பர் வண்டிகளில் இருந்ததெல்லாம் இந்த வகைதான். றலிக்கு முன் குழாயில் கொக்குத் தலை போட்ட உலோக வில்லையும் இருக்கும். அதை யாரும் கழட்ட நினைக்கல. பெயின்ட் அடிக்கக் குடுத்தாலும் எழுத்தை மறைச்சுப்போடாம அடிக்கச் சொல்லுவாங்களாம். நொட்டிங்ஹாமில் செய்த வண்டி எண்டது ஒரு பவுசு.

1935இல் ஸ்டான்டன் எவரி என்ற அமெரிக்கர், பின்னால் பசை பூசிய லேபிளைக் கொண்டு வந்தார். அதோட தொழிற்சாலை, வார்னிஷ் எதுவுமே தேவையில்லாமப் போச்சு, யாரும் எதிலும் ஒட்டலாம். இதைச் சின்ன மாற்றமாக நாங்கள் பார்க்கல. பழைய எழுத்து 'இதைச் செய்தது யார்' என்று சொன்னது. புது ஸ்டிக்கர் 'இதைக் குடுத்தது யார்' என்றும் சொல்லத் தொடங்கிச்சு.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மவுத்தானாங்க. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு உயிர் போகல. நாங்க அப்ப கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. மீன் பெட்டி கட்டிப் போறவர், மருதமுனையில் தறிக்கு நூல் ஏத்துறவர், வயலுக்குப் போறவர், பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாருக்கும் சைக்கிள்தான் கால். வீட்டோட சேர்ந்து அதுவும் போச்சு. ஆகவே நிவாரணமாகவும் சைக்கிள் வந்தது. 2005இல் தொடங்கின வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பு, வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து இலங்கையில் மட்டும் 24,000க்கு மேல் வண்டி குடுத்தது. குடுத்தது அவங்க மட்டுமில்லை.

ஏன் அவ்வளவு ஸ்டிக்கர்? காரணம் காசு. பல அமைப்புகள் சேர்ந்து செய்த மதிப்பீடு ஒன்று 2006இல் வந்தது. அதன்படி சுனாமிக்காக உலகம் திரட்டினது சுமார் 1,350 கோடி டொலர். பாதிக்கப்பட்ட ஒரு ஆளுக்கு 7,000 டொலருக்கு மேல் வரும். அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்துக்கு ஆளுக்கு 3 டொலர்தான். (அந்த 7,000 எங்கட ஆக்கள்ர கைக்கு வந்ததெண்டு யாரும் நினைச்சிராதீங்க.) காசு தந்தவங்களுக்குப் படம் காட்டணும். அதனால கூடாரம், தண்ணி டாங்கி, தோணி, சைக்கிள் எல்லாத்திலயும் இலச்சினை. செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இலேயே ஒரு நடத்தைக் கோவை எழுதியிருந்தாங்க. அனர்த்தத்தில் சிக்கியவரை மானமுள்ள மனிதராகத்தான் விளம்பரத்தில் காட்டணும் என்பது அதில் பத்தாவது விதி. ஸ்டிக்கருக்கு அந்த விதி எட்டல போல.

எங்கட வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லுவார்: வண்டி தந்தது நல்லந்தான், ஆனா கலியாண ஊட்டுக்குப் போனா எனக்கு முந்தி அந்தப் பேர்தான் உள்ளுக்குப் போகும். இடக்கைக்குத் தெரியாம வலக்கை குடுக்கணும் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. வாங்கினதை வண்டியே தெருத்தெருவாச் சொல்லித் திரிஞ்சா எப்படி இருக்கும்? சிலர் உரிச்சாங்க. சிலர் மேல 'மாஷா அல்லாஹ்', கிரிக்கெட் வீரர் படம் எண்டு ஒட்டி மறைச்சாங்க. நன்றியோட அப்படியே விட்டவங்களும் இருக்காங்க, அதிலயும் பிழையில்லை.

உரிக்கிறதுக்கும் கைப்பக்குவம் வேணும். வண்டியை வெயிலில் விட்டு, அல்லது சுடுதண்ணித் துணி போட்டு, பசை இளகின பிறகு ஒரு மூலையிலிருந்து மெதுவா மடிச்சு இழுக்கணும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது மண்ணெண்ணெய், கடைசியில் சவர்க்காரத் தண்ணி. அவசரத்தில் தின்னர் ஊத்தினா பெயின்டும் சேர்ந்து வந்திரும். கத்தி போட்டா கீறல் விழும். எங்கட கடற்காத்துக்குக் கீறல் துருவாக அதிக நாள் எடுக்காது. பழைய றலி எழுத்துக்கு இந்த வைத்தியம் எதுவும் சரிவராது, வார்னிஷோட சேர்த்து சேண்ட் பேப்பர் போட்டுத்தான் எடுக்கணும்.

எவ்வளவு பக்குவமா எடுத்தாலும் அந்தச் செவ்வகம் மிஞ்சும். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளிற, ஸ்டிக்கருக்குக் கீழ இருந்த நிறம் அப்படியே நிக்கும். எழுத்தெழுத்தா வெட்டி ஒட்டின ஸ்டிக்கர் எண்டா, உரிச்ச பிறகும் பேரை வாசிக்கலாம்!

இதெல்லாம் ஆதாரம், உரிக்க விடக்கூடாது என்று எங்கட நண்பர் வட்டத்தில் ஒரு கட்சி இருக்கு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. வண்டி ஓட்டுறவருக்குத்தான் முதல் உரிமை; நாங்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு விலகுவோம். உரிச்சதும் ஒரு ஆதாரம்தானே. மிதி அச்சுக்குக் கீழ இரும்பில் குத்தின பிரேம் நம்பர் எப்படியும் இருக்கும், ஆய்வு செய்ய விரும்புறவங்க குனிஞ்சு அதைப் பார்க்கட்டும்.

2022இல் பெற்றோல் இல்லாமப் போனப்ப, மூலையில் கிடந்த சைக்கிளெல்லாம் திரும்ப றோட்டுக்கு வந்திச்சு. புதுச் சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால, பழைய பிரேமைச் சுரண்டிப் பெயின்ட் அடிச்சவங்க கனபேர். நிறைய செவ்வகங்கள் அப்பதான் மறைஞ்சது. மிச்சமிருக்கிறது பெயின்ட் அடிக்காம விட்ட வண்டிகளில்தான். அதுகளும் ஒவ்வொண்டாப் பழைய இரும்புக்காரர்ர தராசுக்குப் போகுது.