ஆமூர்க் கள்ளும் சிஞ்ச்வட் செம்மண்ணும்

மெக்சிகோ நகரத்திற்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே தாம் கழித்த ஒரு மாலைப் பொழுதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துச் செல்கிறார். முதலில் மெஸ்கால், டெக்கீலா ஆகிய மதுவகைகளைச் சிறு கோப்பைகளில் சுவைக்கத் தந்து, ஒவ்வொன்றும் எந்தக் கற்றாழையிலிருந்து வடிக்கப்பட்டது என்று விளக்குகிறார். பிறகு ஆளுக்கொரு முகமூடியைக் கொடுத்து, அரேனா மெக்சிகோ அரங்கில் நடக்கும் 'லூச்சா லிப்ரே' எனும் முகமூடி மற்போருக்கு அழைத்துச் செல்கிறார். எல்லாவற்றையும் சொல்லி முடித்த நண்பர், "நம் சிஞ்ச்வட்டிலும் இப்படி ஒரு மாலை உலாவை நடத்தலாமே? இங்கும் கற்றாழை இருக்கிறது, குஸ்தி இருக்கிறது" என்றார்.

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான். ஆனால் மதுவும் மல்லும் ஒரே மாலைக்குள் அடங்குவதற்கு ஒரு சமூகத்தின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருந்தது. மொழியியல் பயின்றவன் என்பதால் சொற்களின் வழியே அதற்கு விடை தேடிப் பார்த்தேன்.

மெஸ்கால் என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். மெக்சிகோவின் தொல்குடி மொழியாகிய நாவாட்டில், 'மெட்ல்' என்பது கற்றாழையையும், 'இஷ்கல்லி' என்பது சுடப்பட்டதையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்த 'மெஷ்கல்லி', சுட்ட கற்றாழை எனப் பொருள்படும். பல ஆண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து மடியும் இச்செடியின் அடித்தண்டை மண் குழியில் இட்டுச் சுடுவது அங்கு மிகப் பழைய வழக்கம். அதன் சாற்றைப் புளிக்கவைத்து உண்டாக்கும் 'பூல்கே' எனும் மதுவும் ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்தது. காய்ச்சி வடிக்கும் முறை பரவியது அவர்கள் காலத்தில்தான்.

அம்முறை அங்கே எவ்வழியாக வந்தது என்பதில் ஆசியாவுக்கும் ஒரு பங்குண்டு. மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் சென்ற பிலிப்பைன்ஸ் மக்கள், மெக்சிகோவின் மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்கி அதைக் காய்ச்சி வடித்தனர். அவர்களுடைய வாலைக்கலமே பின்னர் கற்றாழைச் சாற்றுக்கும் பயன்பட்டது என்று ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர். பிலிப்பைன்ஸ் மொழிகளில் கள்ளைக் குறிக்கும் 'தூபா' என்ற சொல் இன்றும் அக்கரையோரத்தில் வழங்குகிறது. வாதம் முழுமையாக ஏற்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், கள் இறக்கும் ஆசியத் தொழில் ஒன்று பசிபிக் கடலைக் கடந்ததற்கு அச்சொல்லே சாட்சி.

அந்த மதுவுக்கு மதிப்பு எளிதில் வந்துவிடவில்லை. ஸ்பெயினிலிருந்து இறக்குமதியான மதுவின் வணிகத்தைக் காக்க, 1785இல் மன்னர் மூன்றாம் கார்லோஸ் உள்நாட்டு மதுவகைகளைத் தடை செய்தார். பத்தாண்டுகளில் தடை தளர்ந்தது. 1974இல் டெக்கீலாவுக்கும் 1994இல் மெஸ்காலுக்கும் பிறப்பிடப் பெயர்க் காப்பு கிடைத்தது. 2006இல் டெக்கீலாக் கற்றாழை வயல்களை யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. ஒரு காலத்தில் தண்டனைக்கு உரியதாக இருந்த குடி, இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் பெருமையாகிவிட்டது.

முகமூடி மற்போரின் கதை இதைவிட இளையது. அசுடெக் வீரர்களின் கழுகு, சிறுத்தைக் கோலங்களிலிருந்து அது பிறந்தது என்று கூறுவது வழிகாட்டிகளின் வழக்கம். ஆவணங்கள் வேறொன்றைச் சொல்கின்றன. சால்வடோர் லுட்டெரோத் என்பவர் டெக்சாசில் தொழில்முறை மற்போரைக் கண்டு, 1933 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். முகமூடியும் அடுத்த சில ஆண்டுகளில், வடக்கிலிருந்து வந்த வீரர்களோடு நுழைந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவர் ஒரு காலணித் தொழிலாளி. ஆயினும் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். எல் சாண்டோ எனும் வீரர் ஐம்பதுக்கும் மேற்பட்ட திரைப்படங்களில் முகமூடியுடனேயே நடித்தார். 1984 சனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதன்முறையாக முகத்தைச் சற்றே காட்டினார். அடுத்த மாதமே இறந்தார். முகமூடியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். 2018இல் மெக்சிகோ நகர அரசு லூச்சா லிப்ரேயைத் தன் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இனி நம் பக்கம் வருவோம். மெக்சிகோவின் கற்றாழை ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தக்காணத்தின் வறண்ட மேட்டுநிலம் அதற்கு உகந்ததாக இருந்தது. வயல் வரப்புகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் அதை வேலியாக நட்டார்கள்; நாருக்காகவும் வளர்த்தார்கள். புணே வட்டாரத்திலும் மேட்டு நிலங்களில் இதைக் காணலாம். மராத்தியில் இதற்கு 'காய்பாத்' என்று பெயர். தெலுங்கில் 'கித்தநார', அப்பெயரிலேயே நார் இருக்கிறது. தமிழில் 'ஆனைக் கற்றாழை' என்றும், வேலியாக நின்ற இடத்தை நினைவூட்டும் வகையில் 'ரயில் கற்றாழை' என்றும் வழங்குகிறோம். கற்றாழை என்பது நமக்கு முன்பே பழக்கமான மருந்துச் செடியின் பெயர். கல், தாழை என்று அதைப் பிரிக்கப் புணர்ச்சி விதி இடம் தருகிறது. பார்வைக்கு அதைப் போலவே இருந்த புதுச் செடிக்கும் அப்பெயரை நீட்டிக்கொண்டோம்.

இப்பெயர்களில் எதிலும் குடி இல்லை. நாவாட் சொல்லில் அடுப்பின் சூடு இருக்கிறது; நம் சொற்களில் நாரும் வேலியும் இருக்கின்றன. செடி கடல் கடந்தபோது, அதைச் சுட்டு உண்ணவும் வடிக்கவும் அறிந்த மக்கள் உடன் வரவில்லை. அறிவு பிரிந்த செடி வெறும் முள்வேலியாக நின்றது. அந்த முறிவு மிக அண்மையில்தான் ஒட்டப்பட்டது. டெஸ்மண்ட் நாசரேத் என்பவர் தக்காணக் கற்றாழையிலிருந்து ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் மது வடித்து, 2011இல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். டெக்கீலா என்ற பெயர் மெக்சிகோவின் குறிப்பிட்ட பகுதிகளுக்கே உரியது. ஆகவே கற்றாழை மது என்ற பொதுப்பெயரிலேயே அது அறியப்படுகிறது.

ஆக, நண்பர் சொன்ன கோப்பையை இங்கே நிரப்ப முடியும். அதைக் குஸ்தியின் அருகே வைக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

சிஞ்ச்வட் என்ற பெயருக்குப் புளியும் ஆலும் சேர்ந்த ஊர் என்று மக்கள் பொருள் சொல்வர். பவனா ஆற்றங்கரையில் மோர்யா கோசாவியின் சமாதிக் கோயில் இருக்கிறது. 1897 சூன் 22 அன்று புணேயில் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட சாபேகர் சகோதரர்கள் இவ்வூரினர். அதற்கு முன்பே அவர்கள் இளைஞர்களைத் திரட்டி உடற்பயிற்சியும் படைப்பயிற்சியும் அளித்துவந்தனர். மூன்று சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். உடலை வலுப்படுத்துவது என்பது இந்நிலத்தில் அரசியலிலிருந்து விலகி நின்றதில்லை. 1912இல் கோலாப்பூரில் காஸ்பாக் மைதானத்தைக் கட்டி முடித்த சாகு மகாராசரும் இதை நன்கு அறிந்தவர். அதே கோலாப்பூரில் பயின்ற காஷாபா ஜாதவ் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம் அது.

மராத்திய நாட்டின் மற்பயிற்சிக் கூடம் 'தாலிம்' எனப்படும். செம்மண் குழி, அதில் கலந்த எண்ணெயும் மோரும் மஞ்சளும், சுவரில் மாருதியின் உருவம். உள்ளே நுழையும் இளைஞனுக்குப் பால், பாதாம், நெய், விடியற்காலை எழுச்சி, பிரமசரியம் ஆகியவை விதி. மது அங்கே விலக்கு. லூச்சா லிப்ரே அரங்கில் பார்வையாளர் கையில் பீர்க் கோப்பை இருப்பது இயல்பு. தாலிமில் மது என்பது ஒழுங்கின் முறிவு. முகமூடியும் அவ்வாறே. மெக்சிகோ வீரர் தம் முகத்தையும் இயற்பெயரையும் மறைத்துப் புகழ் பெறுகிறார். பந்தயப் போட்டியில் தோற்றால் முகமூடியை இழந்து பெயரை வெளிப்படுத்த வேண்டும். குஸ்தி வீரரோ கோவணம் தவிர உடலில் வேறொன்றும் இன்றி நிற்கிறார். அவருடைய ஊர், தாலிம், ஆசான் ஆகியவை அனைவரும் அறிய அறிவிக்கப்படுகின்றன. அங்கே மறைத்தலால் வரும் மதிப்பு, இங்கே வெளிப்படுத்துதலால் வருகிறது.

ஆனால் இங்கும் ஒரு மறைப்பு நிகழ்ந்திருக்கிறது. அது முகத்தில் அன்று, சொல்லில். 'தாலிம்' அரபுச் சொல். கற்பித்தல் என்று பொருள். 'குஸ்தி' பாரசீகம். வீரரைக் குறிக்கும் 'பஹில்வான்' பாரசீகம். அதுவே தமிழில் பயில்வான் ஆயிற்று. ஆசானைக் குறிக்கும் 'வஸ்தாத்', உஸ்தாத் என்பதன் திரிபு. நம் ஊர்களிலும் வஸ்தாது என்பர். மறுபுறம், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் மற்போரை 'மல்லவிநோதம்' எனத் தனியே விவரிக்கிறது. ஆகவே மற்போர் வெளியிலிருந்து வந்தது என்று கூற இயலாது. ஒரு பழங்கலையும் பாரசீகப் பயிற்சி முறையும் பல நூற்றாண்டுகள் ஒரே மண்ணில் புரண்டு ஒன்றாயின. மாருதியை வணங்கி வஸ்தாதின் காலைத் தொடும் அந்த இளைஞன் இரண்டுக்கும் வாரிசு. குஸ்தியை ஒரே சமயத்தின், ஒரே குலத்தின் தொல்பெருமையாக மட்டும் காட்ட விரும்பும் எவரும் முதலில் மறைக்க வேண்டியது அக்கூடத்தின் பெயர்ப்பலகையைத்தான்.

மதுவும் மல்லும் நம்மிடம் என்றுமே பகையாக இருந்தனவா? இல்லை என்கிறது புறநானூறு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் மூன்று பாடல்களில் (80 முதல் 82 வரை) பாடினார். அவற்றுள் முதற்பாடல் ஆமூரை அறிமுகப்படுத்துவதே அதன் கள்ளால்தான். இனிமையும் கடுமையும் சேர்ந்த கள் என்கிறார் புலவர். அடுத்த அடியிலேயே மல்லனின் வலிமை. பிறகு, ஒரு கால் மார்பில் ஊன்ற, மறுகால் எதிரியின் முயற்சியைத் தடுத்துப் பின்னே நிற்கும் பிடியின் நுட்பம். மகனோடு மனவேறுபாடு கொண்டிருந்த தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்ற ஏக்கமும் அப்பாடலில் உண்டு. கள்ளும் மற்போரும் ஒரே ஊரின் இரு சிறப்புகளாக அருகருகே நிற்கும் இத்தகைய காட்சியைத் தமிழ்ப் புலவர் இயல்பாகக் கண்டார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்பதைத் தன் பட்டப்பெயராக ஏற்றான். அப்பெயர் மாமல்லபுரத்தில் இன்றும் வாழ்கிறது.

இவை பிரிந்ததற்குச் சமய ஒழுக்கம் மட்டும் காரணம் அன்று. வருவாய்ச் சட்டங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம் கள்ளையும் உள்ளூர் வடிமதுவையும் அரசின் இறுக்கமான கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1949இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி, மகாராட்டிரத்தில் மது அருந்துவோர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது இன்றும் ஏட்டில் உள்ளது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள் இறக்குவது குற்றம். அயல்நாட்டு வகை மதுவை 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையில் விற்கிறது. சாத்தந்தையார் ஆமூரின் அடைமொழியாகச் சொன்ன பொருள் இன்று தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. அதை இறக்கிய மக்களின் மரமேறும் அறிவும் அதனோடு தேய்கிறது. குடியின் கேடுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அக்கேட்டால் சிதைந்த குடும்பங்களை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் எந்தக் குடி மரபாகிறது, எந்தக் குடி குற்றமாகிறது என்பதைத் தீர்மானித்தது எப்போதும் உடல்நலம் மட்டும்தானா என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. 1785இன் ஸ்பானிய ஆணையையும் 1878இன் பம்பாய்ச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால், இரண்டிலும் கருவூலத்தின் குரலே உரக்கக் கேட்கிறது.

நண்பருக்கு நான் சொன்ன விடை இதுதான். மெக்சிகோவின் மாலையை அப்படியே இங்கே நட்டால், கற்றாழைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். செடி வரும், அறிவு வராது. சிஞ்ச்வட்டில் மாலை உலா ஒன்று நடத்த வேண்டுமானால், சாபேகர் வாடாவில் தொடங்கிப் பவனா கரை வழியே ஒரு தாலிமுக்குச் செல்லலாம். வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வஸ்தாத் சிறுவனுக்குப் பிடி சொல்லித் தருவதைச் சற்று நேரம் அமைதியாகப் பார்க்கலாம். கோப்பையில் பால் போதும். மண் குழியின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதை மட்டும் வழிகாட்டி மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நண்பர் சிரித்தார், "இதற்கு யார் கட்டணம் கொடுத்து வருவார்கள்?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த அயல்நாட்டுக் கற்றாழைக்கு உங்கள் ஊரில் வழங்கும் பெயரையும், அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கயிறு, வேலி, கட்டு மருந்து, எதுவாயினும் சரி. வட்டார வழக்குகளைத் தொகுத்துவருகிறேன். இருப்புப்பாதை ஓரத்து வேலிகள் மறையும் வேகத்தில் அச்சொற்களும் மறைந்துகொண்டிருக்கின்றன.