பேல்: பிடிபி-8 மினிகணினியின் அசெம்பிளி மொழி

பேல் என்பது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் உருவாக்கிய பிடிபி-8 மினிகணினிக்கு நிரல் எழுதப் பயன்பட்ட அசெம்பிளி மொழி. டெக் என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட இந்நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மேனார்ட் நகரில் இயங்கியது. 1965 மார்ச்சில் வெளிவந்த பிடிபி-8இன் விலை சுமார் 18,000 டாலர். அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் பெருங்கணினிகளின் காலத்தில், ஓர் ஆய்வுக்கூடமே தனக்கெனச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கணினியாக அது விற்றது. பின்வந்த வடிவங்களையும் சேர்த்தால் 50,000-க்கு மேற்பட்டவை விற்பனையாயின. பேல் III, பேல்-டி, பேல்-8, மேக்ரோ-8 என்று, எழுதியதை இயந்திர எண்களாக மாற்றும் அசெம்பிளர்கள் பல வந்தபோதும் அடிப்படை இலக்கணம் ஒன்றாகவே இருந்தது.

அந்த இலக்கணம் மிகவும் மெலிந்தது. இயந்திரத்தின் கம்பியமைப்புக்கும் எழுதும் வரிக்கும் இடையே அது திரை எதையும் போடவில்லை. மொழியின் விதிகளைக் கற்பவர் அதே மூச்சில் கணினியின் உள்ளமைப்பையும் கற்றுவிடுகிறார். பேலைப் பற்றிப் பேசுமுன் இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

பிடிபி-8இல் ஒரு சொல் என்பது 12 பிட். அடிப்படை நினைவகம் 4,096 சொற்கள். கணக்குப் போட ஒரே ஓர் அக்யுமுலேட்டர், அதன் தலைமாட்டில் லிங்க் எனப்படும் ஒற்றை பிட். ஒவ்வோர் ஆணையிலும் முதல் மூன்று பிட்கள் ஆணையின் வகையைக் குறிப்பதால் வகைகள் எட்டே. அவற்றில் ஆறு நினைவகத்தைத் தொடுபவை: ஏஎன்டி பிட்களை ஒப்பிட்டு இரண்டிலும் உள்ளதை மட்டும் வைக்கும், டிஏடி கூட்டும், ஐஎஸ்இசட் நினைவகத்திலுள்ள எண்ணை ஒன்று உயர்த்தி, அது பூஜ்யமானால் அடுத்த ஆணையைத் தாண்டும், டிசிஏ அக்யுமுலேட்டரை நினைவகத்தில் வைத்துவிட்டு அதைத் துடைக்கும், ஜேஎம்எஸ் துணைநிரலை அழைக்கும், ஜேஎம்பி தாவும். ஐஓடி என்ற ஏழாவது வகை வெளிக்கருவிகளுக்கு உரியது. எட்டாவதான ஓபிஆர் அக்யுமுலேட்டருக்குள்ளேயே நடக்கும் சிறுவேலைகளுக்கு. கழித்தலுக்கு ஆணை இல்லை. நினைவகத்திலிருந்து எடுத்து வைக்கவும் தனி ஆணை இல்லை. துடைத்துவிட்டுக் கூட்ட வேண்டியதுதான்.

இரண்டு எண்களைக் கூட்டும் சிறு நிரலைப் பார்க்கலாம். மூலத்தில் எல்லாம் ரோமன் பெரிய எழுத்துகளில் இருக்கும். இங்கே ஆணைகளின் எழுத்துகள் தமிழ் ஒலிப்பிலும் லேபிள்கள் தமிழ்ச் சொற்களாகவும் தரப்பட்டுள்ளன.

*200
தொடக்கு, சிஎல்ஏ சிஎல்எல் / துடைத்துக்கொள்
டிஏடி முதல்
டிஏடி மற்றது
டிசிஏ விடை
ஹெச்எல்டி / நிறுத்து
முதல், 5
மற்றது, 3
விடை, 0
$

காற்புள்ளி தொடர்ந்து வந்தால் அது லேபிள். சாய்கோட்டுக்குப் பின் வரி முடியும்வரை குறிப்புரை. நட்சத்திரக்குறி, அடுத்து வருவனவற்றை எந்த முகவரியிலிருந்து அடுக்குவது என்று சொல்கிறது. டாலர் குறி நிரலின் முடிவு. சமக்குறி ஒரு பெயருக்கு மதிப்பைத் தரும். அரைப்புள்ளி ஒரே வரியில் இரண்டு ஆணைகளைப் பிரிக்கும். பெயரில் முதல் ஆறு எழுத்துகளே கணக்கில் வரும். எண்கள் எல்லாம், வேறு சொல்லாதவரை, எட்டின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. 12 பிட் சொல் நான்கு எண்ம இலக்கங்களில் மிச்சமின்றி அடங்குகிறது. மேலுள்ள நிரல் நினைவகத்தில் 7300, 1205, 1206, 3207, 7402, 0005, 0003, 0000 என்று 200ஆம் முகவரியிலிருந்து அமரும். இதைக் கையாலேயே மொழிபெயர்த்து முன்பலகை விசைகளால் உள்ளிட முடியும். பலர் அப்படிச் செய்தார்கள்.

இடைவெளி என்ற செயற்குறி

பேலின் விதிகளில் என்னை மிகவும் கவர்வது சொற்களுக்கிடையே விடும் வெற்றிடம். பெரும்பாலான மொழிகளில் அது பிரிப்பதற்கு மட்டுமே. பேலில் அது ஒரு செயற்குறி: இருபுறமும் உள்ள மதிப்புகளை பிட் பிட்டாக அல்லது-விதிப்படி ஒன்றாக்குகிறது. சிஎல்ஏ என்பதன் மதிப்பு 7200, சிஎல்எல் என்பதன் மதிப்பு 7100. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் 7300 என்ற ஒரே ஆணை பிறக்கிறது. அக்யுமுலேட்டரும் லிங்க்கும் ஒரே சுழற்சியில் துடைபடுகின்றன.

இது நடப்பதற்குக் காரணம் வன்பொருள். ஓபிஆர் ஆணையில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சிறுவேலைக்கு நேராகக் கம்பியிடப்பட்டிருக்கிறது. எந்தெந்த பிட்கள் 1 ஆக உள்ளனவோ அந்தந்த வேலைகள் எல்லாம் நடக்கும். அவை நடக்கும் வரிசையையும் வன்பொருளே தீர்மானிக்கிறது: முதலில் துடைத்தல், பிறகு பிட்களைப் புரட்டுதல், பிறகு ஒன்று கூட்டுதல், கடைசியில் சுழற்றுதல். எனவே சிஎம்ஏ ஐஏசி என்று எழுதினாலும் ஐஏசி சிஎம்ஏ என்று எழுதினாலும் கிடைப்பது 7041 ஒன்றே: பிட்களைப் புரட்டி ஒன்று கூட்டி, எண்ணின் எதிர்ம மதிப்பைத் தரும் ஆணை. அடிக்கடி தேவைப்பட்டதால் அதற்கு சிஐஏ என்று தனிப்பெயரும் வைத்தார்கள். கழித்தல் என்பது கழிக்கப்பட வேண்டியதை எடுத்து, சிஐஏ செய்து, மற்றதைக் கூட்டுவதே. சிஎல்ஏ சிஎல்எல் சிஎம்ஏ ஆர்ஏஎல் (ஆர்ஏஎல் இடப்புறம் சுழற்றும்) என்ற நான்கும் சேர்ந்து 7344 ஆகி, நினைவகத்தைத் தொடாமலே −2 என்ற எண்ணை உண்டாக்கும். இத்தகைய சேர்க்கைகளை நிரலாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. ஓபிஆர் சிறுவேலைகள் இரு குழுக்களாகப் பிரிந்தவை. ஒரு குழுவிலுள்ளதை மற்றதோடு சேர்க்கக்கூடாது. எஸ்இசட்ஏ, அதாவது அக்யுமுலேட்டர் பூஜ்யமானால் தாண்டு என்பதன் மதிப்பு 7440. அதோடு 7040 ஆன சிஎம்ஏவைச் சேர்த்தால் விடை மீண்டும் 7440தான். சிஎம்ஏ சுவடின்றி மறைந்துவிடும். 7004 ஆன ஆர்ஏஎல்லைச் சேர்த்தால் 7444 வரும். அது சுழற்றாது, முன்பலகை விசைகளின் நிலையை அக்யுமுலேட்டரில் கலந்துவிடும். அசெம்பிளருக்குத் தெரிந்தது பிட்களைச் சேர்ப்பது மட்டுமே. பொருள் பொருந்துகிறதா என்று பார்ப்பது எழுதுபவரின் பொறுப்பு.

வெளிக்கருவி ஆணைகளிலும் இதே முறைதான். அச்சுக்கருவியின் தயார்நிலைக் கொடியை இறக்குவது 6042, எழுத்தை அனுப்புவது 6044. இரண்டும் இணைந்து 6046, அதாவது டிஎல்எஸ். பிடிபி-8 நிரல்களில் எங்கும் காணப்படும் மூன்று வரிகள் இவை:

டிஎஸ்எஃப்
ஜேஎம்பி .-1
டிஎல்எஸ்

கருவி தயாரானால் தாண்டு. இல்லையேல் ஒரு படி பின்னே போ. தயாரானதும் எழுத்தை அனுப்பு. இங்குள்ள புள்ளி, இப்போதைய முகவரியைக் குறிக்கிறது.

பக்கங்கள்

நினைவக ஆணைகளில் மட்டும் வெற்றிடம் வேறு விதமாகச் செயல்படுகிறது. வகைக்கு மூன்று பிட், மறைமுகக் குறிக்கு ஒன்று, பக்கக் குறிக்கு ஒன்று போக, முகவரிக்கு மிஞ்சுவது ஏழே பிட். ஆகவே 4,096 சொற்கள் 128 சொற்கள் கொண்ட 32 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டன. ஓர் ஆணை தான் இருக்கும் பக்கத்தையோ பூஜ்யப் பக்கத்தையோ மட்டுமே நேராக எட்டும். டிஏடி முதல் என்ற வரியைக் கண்டதும் அசெம்பிளர் முகவரியின் கடைசி ஏழு பிட்டை எடுத்து, தேவையானால் பக்கக் குறியையும் இடுகிறது. முகவரி 405 என்றால் வெறும் அல்லது-விதி 1405 என்று மறைமுக ஆணை ஒன்றைத் தந்திருக்கும். சரியான விடை 1205. எந்தப் பெயர்கள் நினைவக ஆணைகள் என்று அசெம்பிளரிடம் அறிவிக்க ஃபிக்ஸ்எம்ஆர்ஐ என்ற கட்டளையே இருந்தது.

வேறு பக்கத்திலுள்ளதை எட்ட, அதன் முழு முகவரியை அருகே ஒரு சொல்லில் வைத்து, ஆணைக்கும் பெயருக்கும் நடுவே மறைமுகக் குறியான ஐ என்ற எழுத்தை இட வேண்டும். பேல்-8 இந்த இடைச்சொல்லைத் தானே உருவாக்கிக்கொள்ளும். மேக்ரோ-8இலும் பேல்-8இலும் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து எண்ணை எழுதினால், அம்மாறிலி பக்கத்தின் கடைசியிலிருந்து மேல்நோக்கி அடுக்கப்படும். நிரல் கீழிறங்கி வர, மாறிலிகள் மேலேறி வர, இரண்டும் மோதினால் பக்கம் நிரம்பியதென்று பிழைச்செய்தி வரும். பூஜ்யப் பக்கத்தில் 10 முதல் 17 வரையிலான எண்ம முகவரிகளுக்குத் தனிக்குணம் ஒன்று உண்டு: அவற்றின் வழியாக மறைமுகமாகச் சென்றால் உள்ளிருக்கும் முகவரி முதலில் ஒன்று உயரும். அட்டவணைகளை வரிசையாகப் படிக்க இது பெரிதும் உதவியது.

துணைநிரலின் எழுத்துமுறை வெளியாட்களை வியக்கவைக்கும். அதன் முதல் வரி ஒரு லேபிளும் பூஜ்யமும். ஜேஎம்எஸ் திரும்பி வரவேண்டிய முகவரியை அந்தப் பூஜ்யத்தின் மேலேயே எழுதிவிட்டு, அடுத்த சொல்லிலிருந்து தொடங்கும். திரும்புவதற்கு அதே லேபிள் வழியாக மறைமுகத் தாவல். அடுக்கு நினைவகம் என்ற ஏற்பாடே இல்லாததால் துணைநிரல் தன்னைத் தானே அழைக்க முடியாது. முந்தைய திரும்பும் முகவரி அழிந்துபோகும். எழுத முடியாத, படிக்க மட்டுமே கூடிய நினைவகத்தில் இத்தகைய நிரலை அப்படியே வைக்கவும் இயலாது.

அசெம்பிளர் மூல நிரலை முதல் சுற்றில் படித்துப் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும். இரண்டாம் சுற்றில் இரும நாடாவைத் துளையிடும். விரும்பினால் மூன்றாம் சுற்றில் பட்டியலை அச்சிடும். காகித நாடாவை ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஓட்ட வேண்டும். நாடாவைப் படித்த ஏஎஸ்ஆர்-33 டெலிடைப்பின் வேகம் நொடிக்கு 10 எழுத்து. ஒரு காற்புள்ளி, ஒரு சாய்கோடு, ஒரு வெற்றிடம் என்று பேல் சிக்கனமாக இருப்பதன் அருமை அந்த நாடாவின் முன் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். பின்னாளில் ஓஎஸ்/8 இயக்கமுறைமையில் பேல்-8 வட்டுகளிலிருந்து இயங்கியது. இன்று சிம்ஹெச் என்ற போலிப்பான் வழியாக அதே அசெம்பிளரைச் சாதாரண மடிக்கணினியிலும் ஓட்டிப் பார்க்கலாம்.