வாடகைக் கணினியில் தமிழ்ப் பக்கம்: வடசென்னையிலிருந்து பார்க்கும் எழுத்துருச் சிக்கல் (1995–2011)

தமிழ் இணையத்தின் தொடக்க வரலாறு பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் சொந்தக் கணினி வைத்திருந்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தின் நிலை வேறு. துறைமுகம், அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப். போன்ற ஆலைகள், காசிமேட்டு மீன்பிடி ஆகியவற்றை நம்பிய வீடுகளில் கணினி அரிது. அங்குள்ள பிள்ளைகளில் பலர் இணையத்தைப் பழகியது மணிக்கணக்கில் காசு கட்டும் பிரௌசிங் சென்டரில். அவர்கள் தமிழில் ஒரு வலைப்பக்கம் செய்யப் பெருந்தடையாக இருந்தது இணைப்போ எச்டிஎம்எல்லோ அல்ல, எழுத்துருவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் இணைப்புகள்

வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்கு எட்டிய மலிவான ‘ஷெல்’ கணக்கில் படம் வராது. திரையில் ஆங்கில எழுத்து மட்டுமே ஓடும். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, டான் டின் வீ ஆகியோரின் முயற்சியால் நான்கு மொழிக் கவிதைத் தளம் ஒன்றில் தமிழ் ஏறிவிட்டது. இங்கே 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பிறகே பிரௌசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு பெருகின.

எழுத்துரு என்னும் தடை

பக்கம் செய்வது எளிது. நோட்பேடில் சில குறிச்சொற்களை எழுதிச் சேமித்து, ஜியோசிட்டீஸ் தந்த இலவச இடத்தில் ஏற்றினால் போதும். தமிழில் எழுதும்போதுதான் சிக்கல். கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’ போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. படிப்பவரின் கணினியில் அதே எழுத்துரு இல்லையென்றால், கவிதையும் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் முன்வைத்தது. அயலகத் தமிழர்கள் வளர்த்த டிஸ்கி குறியாக்கம் தனியாகப் பரவியது. தரங்கள் பெருகப் பெருக, நிறுவ வேண்டிய எழுத்துருக்களும் பெருகின. டிஸ்கிப் பக்கத்தைப் படிக்க உலாவியின் குறியாக்கத்தை ‘யூசர் டிஃபைன்ட்’ என்று மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தக் கணினியில் இது ஒருநாள் வேலை. வாடகைக் கணினியிலோ இன்று உட்கார்ந்த இடம் நாளை கிடைக்காது. எதையும் நிறுவக்கூடாது என்று உரிமையாளர் தடுப்பதும் உண்டு. எழுத்துருவைத் தானே இறக்கிக்கொள்ளும் ‘டைனமிக் ஃபான்ட்’ ஓரளவு கைகொடுத்தது. ஆனால் நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, எக்ஸ்புளோரருக்கு வேறொரு கோப்பு என்று ஆக்க வேண்டியிருந்ததால், அது புதிதாகக் கற்பவரின் கைக்கு எட்டவில்லை.

யூனிகோடின் தாமதம்

யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. ஆனால் ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் உரிய பக்கத்தில் அமைத்துக் காட்டும் திறன் இயங்குதளத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவுடன் அத்திறனையும் கொண்டுவந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியிலும் அது தானாக இயங்கவில்லை. அமைப்புகளில் ஒரு கட்டத்தைக் குறியிட்டு, பெரும்பாலும் நிறுவல் சிடியையும் செருக வேண்டியிருந்தது. அந்த சிடி வாடகைக்கு உட்காருபவரிடம் இருக்காது.

இந்த இடைவெளியில் சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துமாற்றிகள் உலாவியிலேயே இயங்கியது முக்கியமானது: எதையும் நிறுவாமல் பழைய குறியாக்கத்தை யூனிகோடாக்க முடிந்தது. பின்னர் விஸ்டாவும் விண்டோஸ் 7உம் தமிழை இயல்பாகவே காட்டின. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் தமிழ் தெரியும் கணினியைச் சொந்தமாகத் தந்தது.

முடிவுரை

யூனிகோட் தரம் உருவான ஆண்டுக்கும் அது வாடகைக் கணினிக்கு வந்துசேர்ந்த ஆண்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இணைய அறிவின் பரவலை இணைப்புகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் ஆய்வுகள் இந்த இடைவெளியைக் காண்பதில்லை. ஒரு கணினியில் உட்கார முடிவது வேறு. தன் மொழிக்கேற்ப அதை மாற்றும் உரிமை வேறு. வடசென்னையின் தொழிலாளர் பகுதிகளில் இணையக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.