பத்தில் ஒன்று எங்கே, பேரழிவு எங்கே? 'டெசிமேட்' சொல்லின் கதை

போர், கொள்ளைநோய், வறட்சி குறித்த ஆங்கிலச் செய்திகளில் 'டெசிமேட்' என்ற வினைச்சொல் அடிக்கடி தென்படுகிறது. ஒரு கூட்டத்தின் பெரும்பகுதியை அழித்தல் என்பதே இதன் இன்றைய பொருள். ஆனால், இச்சொல்லின் வேரில் இருப்பது பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

லத்தீன் மொழியில் 'டெகெம்' என்றால் பத்து. 'டெகிமுஸ்' என்றால் பத்தாவது. தமிழில் வழங்கும் 'தசமம்' என்ற வடசொல்லுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே. பத்தில் ஒருவரைப் பிரித்தெடுத்தலைக் குறிக்கும் 'டெகிமாரே' என்ற லத்தீன் வினையே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பிரித்தெடுத்தல் கொடூரமானது. ரோமானியப் படையில் ஒரு பிரிவு போர்க்களத்தைவிட்டு ஓடினால், அதில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்படுவார். துணிவுடன் நின்றவரா, முதலில் ஓடியவரா என்பதைச் சீட்டு பார்ப்பதில்லை. அவரைத் தடியால் அடித்துக் கொல்ல வேண்டியவர்கள் உடன் இருந்த வீரர்களே. உயிர் தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை வழங்கப்பட்டது. பாதுகாப்பு அரணுக்கு வெளியே தங்கவும் அவர்கள் பணிக்கப்பட்டனர். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைப் பதிவு செய்துள்ளார். வழக்கொழிந்திருந்த இத்தண்டனையை, ஸ்பார்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கிளர்ச்சியை ஒடுக்கச் சென்ற கிராஸஸ் மீண்டும் நடைமுறைப்படுத்தினார். 500 வீரர்களை 50 குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரை அவர் கொன்றதாக புளூடார்க் எழுதியுள்ளார்.

இங்கிலாந்தில் இச்சொல் வரியையும் குறித்தது. மன்னர் ஆதரவாளர்கள் மீது 1655இல் ஆலிவர் கிராம்வெல் அரசு விதித்த 10 சதவீத வரிக்கு 'டெசிமேஷன்' என்று பெயர். பேரழிவு என்ற பொருளும் 17ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டிவிட்டது. அமெரிக்க விமர்சகர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870இல் இதைக் கண்டித்தார். வழக்கு அவருக்குச் செவிசாய்க்கவில்லை. இன்றைய ஆங்கில அகராதிகள் புதிய பொருளை ஏற்றுக்கொண்டுள்ளன.

சிக்கல் மொழிபெயர்ப்பில்தான் எழுகிறது. ஒரு படைப்பிரிவு 'டெசிமேட்' செய்யப்பட்டது என்ற வரியைப் 'பத்தில் ஒரு பங்கு அழிந்தது' என்று எழுதினால், உயிரிழப்பு குறைத்துக் காட்டப்படும். 'அடியோடு அழிந்தது' என்றால், எஞ்சியவர்களும் செய்தியில் இறந்துவிடுவர். முற்றழிவுக்கு ஆங்கிலத்தில் 'அனைஹிலேட்' என்ற வேறு சொல் உண்டு. லத்தீனில் 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லை. எனவே 'பெருமளவில் அழிந்தது' என்பதே பொருந்தும். எண்ணிக்கை தெரிந்தால், அதையே தருவது இன்னும் நல்லது.

இந்தியப் பாறு கழுகுகளின் நிலை இதற்குச் சான்று. கால்நடைகளுக்குச் செலுத்தப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாடுகளின் இறைச்சி வழியாக அவற்றைக் கொன்றது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ரோமானியத் தண்டனையில் பத்தில் ஒன்பது பேர் உயிர் பிழைத்தனர். இங்கு எஞ்சியது ஆயிரத்தில் ஒரு பறவை.